பழைய கம்ப்யூட்டர்ல கேம் ஓட்டணுமா? வாசகர் கேள்வி – பதில்

புது மெஷின் வாங்க வசதி இல்ல, இருக்கிறதையே கொஞ்சம் தேத்தி கேம் ஆட முடியுமான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. முடியும். ஆனா எது இழுத்துப் பிடிக்குதுன்னு பாக்காம ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க, கீழ எல்லா பதில்லயும் இதைத்தான் திரும்ப திரும்ப சொல்லப்போறேன்.

கேள்வி: அண்ணா, அப்பா ஆபீஸ்ல பழசெல்லாம் கழிச்சப்போ ஒரு டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020 டவர் குறைஞ்ச விலைக்கு கிடைச்சுது. ஐ5-4590, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஜிடிஏ 5, வேலரன்ட் ரெண்டும் நல்லா ஓடணும். கையில 12,000 ரூபா இருக்கு. ஃப்ரெண்டு ஆர்எக்ஸ் 580 வாங்குடா, 8 ஜிபி வரும்ங்கிறான். கடையில கேட்டா இதை தூக்கிப் போட்டுட்டு புதுசா அசெம்பிள் பண்ணுங்கங்கிறாங்க. என்ன பண்றது?
– காலேஜ் மாணவர், ஈரோடு

பதில்: தூக்கியெல்லாம் போட வேண்டாம் தம்பி, நீங்க கேட்ட ரெண்டு கேமுக்கும் அந்த ப்ராசஸர் தாங்கும். ஆனா ஆர்எக்ஸ் 580ஐ மட்டும் வாங்கிடாதீங்க. கார்டு நல்ல கார்டுதான், உங்க டப்பாவுக்குள்ள அது சரியா வராது. அந்த கார்டு 185 வாட் வரைக்கும் இழுக்கும், உங்க டவர்ல கரண்ட் குடுக்கிற பெட்டி, அதாவது எஸ்எம்பிஎஸ், மொத்தமே 290 வாட், அதுல கார்டுக்கு குடுக்க வேண்டிய 6 பின், 8 பின் வயரே வராது. சரி, எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திடலாம்னு போனா அங்க இன்னொரு சிக்கல், எல்லா போர்டுலயும் இருக்கிற 24 பின் கனெக்டர் டெல்காரங்க இதுல வைக்கல, அவங்களே தனியா ஒரு 8 பின் வச்சிருக்காங்க, அதனால கடையில விக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை நேரா சொருக முடியாது, நடுவுல ஒரு கன்வர்ட்டர் கேபிள் வாங்கணும். ஆக 580க்கு போனா கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபிள்னு மூணு செலவு. சில பேர் ஹார்ட் டிஸ்க்குக்கு போற சாட்டா பவர் வயர்ல இருந்து 8 பின் எடுக்கிற சின்ன கன்வர்ட்டரை மாட்டிவிட்டு இது போதும்பாங்க, தயவுசெஞ்சு அதை பண்ணாதீங்க, அந்த சாட்டா கனெக்டர் 54 வாட்டுக்குத்தான் கணக்கு, அதுக்கு மேல இழுத்தா சூடாகி உருகிடும், வீட்ல தீப்பிடிக்கிற விஷயம் இது.

உங்களுக்கு தோதானது மதர்போர்டு ஸ்லாட்ல இருந்தே கரண்ட் எடுத்துக்கிற கார்டு. அந்த ஸ்லாட் 75 வாட் வரைக்கும் குடுக்கும், அதுக்குள்ள அடங்குறதுல ஜிடிஎக்ஸ் 1650 தான் என்னோட சாய்ஸ். வாங்கும்போது கார்டோட ஓரத்தை திருப்பிப் பாருங்க, சில மாடல்ல 6 பின் சாக்கெட் வச்சிருப்பாங்க, அது வேண்டாம், சாக்கெட்டே இல்லாததா கேட்டு வாங்குங்க. 1050 டிஐ இன்னும் விலை கம்மியா கிடைக்கும், ஆனா அந்த 10 சீரிஸ் கார்டுகளுக்கு புது கேம்களுக்கான டிரைவர் விடுறதை 2025 அக்டோபரோட என்விடியா நிறுத்திட்டாங்க, இனி செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். ஆர்எக்ஸ் 6400ஐ யாராவது காட்டினா அதுவும் வேண்டாம். அதுக்கும் தனி வயர் தேவையில்ல, ஆனா அது நாலே நாலு லேன்லதான், அதாவது டேட்டா பாதையிலதான், போர்டோட பேசும், புது பிசிஐஇ 4 ஸ்லாட் இருக்கிற போர்டுல அது பரவாயில்ல, உங்களோடது பிசிஐஇ 3, அந்தப் பாதையோட வேகம் பாதியாயிடும், 4 ஜிபி மெமரி நிரம்பினதும் திக்கித் திக்கி ஓடும்.

அடுத்து எஸ்எஸ்டி. இதனால எஃப்பிஎஸ், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை படம் ஓடுதுங்கிற கணக்கு, ஏறாது, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா ஜிடிஏல கார் வேகமா ஓட்டும்போது முன்னாடி ரோடும் பில்டிங்கும் மங்கலா நின்னுட்டு அப்புறமா தெளிவாகுமே, அது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் ஈடு குடுக்க முடியாம வர்றது. 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்க, காசு பத்தலன்னா 240ஆவது வாங்கி விண்டோஸும் ஜிடிஏவும் மட்டும் அதுல வைங்க, மத்ததெல்லாம் பழைய டிஸ்க்லயே கிடக்கட்டும். கார்டை செகண்ட் ஹேண்ட்ல பாத்தீங்கன்னா ரெண்டையும் 12,000க்குள்ள முடிக்கப் பாக்கலாம். ரேம் இப்போதைக்கு 8 போதும். ஆனா அது ஒரே குச்சியா, ரெண்டு நாலா இருக்கான்னு டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல பாருங்க, ஒரே குச்சின்னா அதே மாதிரி இன்னொன்னு பழைய டிடிஆர்3ல கிடைக்கிறப்போ போட்டுக்குங்க.

ஜிடிஏ 5ல இப்போ ரெண்டு வெர்ஷன் இருக்கு. 2025 மார்ச்ல வந்த என்ஹான்ஸ்டுக்கு எஸ்எஸ்டி கட்டாயம், கேக்கிறதும் அதிகம், நீங்க பழைய லெகஸியையே போடுங்க. ஓரங்களை வழவழன்னு காட்டுற எம்எஸ்ஏஏவை ஆஃப் பண்ணுங்க, புல்லு செட்டிங்கை குறைங்க, காட்டுப்பக்கம் போனா கார்டோட உயிரை எடுக்கிறது அதுதான். தூரத்துல இருக்கிறதையும் தெளிவா காட்டுற எக்ஸ்டெண்டட் டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்கை பூஜ்ஜியத்துல வைங்க, அது ப்ராசஸரை தின்னும். எஃப்பிஎஸ்ஸை 60ல லாக் பண்ணிடுங்க, உங்க ஐ5ல நாலு கோர் நாலு த்ரெட்தான், அதாவது ஒரே நேரத்துல நாலு வேலைதான் பாக்கும், லாக் பண்ணாம விட்டா எஃப்பிஎஸ் ஏறி ஏறி ப்ராசஸர் நூத்துல முட்டி நடுநடுவுல வெட்டும்.

முக்கியமான ஒண்ணு. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, அதனால குறுக்கு வழியில 11 போட்டுத் தர்றேன்னு யாராவது சொல்வாங்க. விண்டோஸ் 11ல வேலரன்ட் ஓடணும்னா டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி வசதியும் செக்யூர் பூட்டும் இருந்தாகணும், உங்க நாலாம் ஜெனரேஷன் மெஷின்ல டிபிஎம் 1.2 தான் இருக்கும், ஜிடிஏ ஓடும், வேலரன்ட் திறக்காது. அதனால 10லயே இருங்க, மைக்ரோசாஃப்ட் குடுக்கிற எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்டுல சேந்துக்குங்க, பேங்க் வேலையெல்லாம் அந்த மெஷின்ல வேண்டாம்.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாம்னு இருக்கேன். எல்லாமே மைனிங்ல ஓடினதுன்னு பயமுறுத்துறாங்க. நம்பி வாங்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: மைனிங்ல ஓடினதுனாலயே கார்டு கெட்டுப்போயிடாது. கார்டு வச்சு எத்தீரியம்ங்கிற டிஜிட்டல் காசை மைனிங் பண்றது 2022 செப்டம்பர்லயே நின்னு போச்சு, அந்தக் கார்டெல்லாம் அதுக்கப்புறம் கை மாறி கை மாறித்தான் இருக்கு. தேயறது ஃபேன் பேரிங்கும் உள்ள இருக்கிற தெர்மல் பேடும். அதனால கடையிலயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, ஓட்டிக் காட்ட மாட்டேன்னா அடுத்த கடைக்கு போங்க. கார்டுக்கு முழு வேலை குடுத்துப் பாக்கிற ஃபர்மார்க் சாஃப்ட்வேரை ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடவிட்டு டெம்பரேச்சர் எங்க நிக்குதுன்னு பாருங்க, ஃபேன்ல கரகர சத்தம் வருதான்னு காதை கிட்ட வச்சு கேளுங்க, ஸ்கிரீன்ல கலர் கலரா புள்ளியோ கட்டமோ வந்தா மெமரி போயிருக்குன்னு அர்த்தம், விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்.

அதைவிட பெரிய தொல்லை போலி கார்டு. ஏதோ அரதப்பழசான கார்டுல உள்ள இருக்கிற பயாஸ்ங்கிற சாஃப்ட்வேரை மாத்தி 1050 டிஐன்னு பேர் காட்ட வச்சு விப்பாங்க, டிவைஸ் மேனேஜர்ல பாத்தா பேர் சரியாத்தான் இருக்கும். பென் டிரைவ்ல கார்டோட விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரை கொண்டு போங்க, போலின்னா பெரும்பாலும் அதுலயே ஃபேக்னு காட்டிடும். 1050 டிஐன்னு சொல்ற கார்டுல பழைய நீலக்கலர் விஜிஏ போர்ட் இருந்தா நல்லா சந்தேகப்படுங்க. ஆர்எக்ஸ் 580 வாங்குறவங்க அதுலயே ஷேடர், அதாவது கார்டுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன கோர், எண்ணிக்கையை பாருங்க, 2304 இருந்தா அசல் 580, 2048 இருந்தா அது 570க்கு சமானம், அந்த விலைதான் குடுக்கணும்.

கேள்வி: பி450 போர்டு, ரைசன் 3 2200ஜி, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். வேலரன்ட்ல புகை போட்டு நாலஞ்சு பேர் ஒண்ணா வந்தா எஃப்பிஎஸ் பாதியா விழுது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு மாறலாமா சார்?
– வாசகர், மதுரை

பதில்: மாறாதீங்க சார், காசு வீண். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கிற சாஃப்ட்வேரை போட்டு ஆடும்போது கார்டோட யூசேஜை ஸ்கிரீன் மூலையில காட்ட வைங்க. எஃப்பிஎஸ் விழற அந்த நேரத்துல கார்டு 95 சதவீதத்துக்கு மேல இருந்தா கார்டு பத்தலன்னு அர்த்தம், 50, 60ல நின்னா கார்டு சும்மா உக்காந்திருக்கு, ப்ராசஸர்தான் வேலை குடுக்க முடியாம திணறுது. ரெசல்யூஷனை 720க்கு இறக்கிப் பாருங்க, அப்பவும் எஃப்பிஎஸ் ஏறலன்னா சந்தேகமே வேண்டாம். உங்களோடது நாலு கோர் நாலு த்ரெட், அதுதான் பிரச்சினையா இருக்கும்.

முதல்ல காசில்லாத வேலை ஒண்ணு. மதர்போர்டோட பயாஸ் செட்டிங்ல போய் ரேம் எந்த ஸ்பீடுல ஓடுதுன்னு பாருங்க, 3200 ரேம் வாங்கிப் போட்டுட்டு 2133ல ஓட்டிட்டிருக்கிற வீடு எக்கச்சக்கம், எக்ஸ்எம்பின்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. உங்க பழைய ரைசன் 3200 வரைக்கும் போகாம தகராறு பண்ணினா 2933ல வைங்க. அதுக்கப்புறமும் பத்தலன்னா ரைசன் 5 5600, ஆறு கோர் பன்னெண்டு த்ரெட், உங்க ஏஎம்4 போர்டுலயே உக்காரும், போர்டும் ரேமும் மாத்த வேண்டியதில்ல. இப்போ ரேம் விக்கிற விலைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்னு கடைக்கு போய் கேட்டவங்களுக்குத் தெரியும். 5500 விலை நல்லா குறைவா கிடைச்சா அதுவும் ஓகே, கேஷ் மெமரி பாதிதான், ஆனா 2200ஜியில இருந்து போறவங்களுக்கு அதுவே பெரிய தாவல்.

மாத்துறதுக்கு முன்னாடி, பழைய ப்ராசஸர் உள்ள இருக்கும்போதே, பயாஸை அப்டேட் பண்ணிடுங்க, இல்லன்னா புதுசை போட்டதும் ஸ்கிரீன் கறுப்பாத்தான் நிக்கும். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனா போர்டே போயிடும், யுபிஎஸ் இல்லாம அந்த வேலையை தொடாதீங்க. அப்புறம் கூலரை நேரா மேல பிடிச்சு இழுக்காதீங்க. நடுவுல தடவின தெர்மல் பேஸ்ட் வருஷக்கணக்குல காஞ்சு ப்ராசஸர் கூலரோட ஒட்டிக்கிட்டு இருக்கும், இழுத்தா சாக்கெட்ல இருந்து பின்னோட சேந்து பிய்ச்சுக்கிட்டு வரும், பின் வளைஞ்சுடும். பத்து நிமிஷம் ஏதாவது கேம் ஓட்டி சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, ஸ்க்ரூவையோ கிளிப்பையோ கழட்டினதும் கூலரை மெதுவா இடதும் வலதுமா திருகிக்கிட்டே எடுங்க, வழுக்கிக்கிட்டு வந்துடும்.

கேள்வி: புதுசா கிராபிக்ஸ் கார்டு போட்டும் கேம்ல ஒரு மாற்றமும் தெரியல, ஏன்?
– பள்ளி மாணவி, தென்காசி

பதில்: மானிட்டர் கேபிள் எதுல சொருகி இருக்குன்னு பின்னாடி பாரும்மா. மேல மதர்போர்டுல, யுஎஸ்பி போர்ட் பக்கத்துல இருந்தா படம் புது கார்டு வழியா வராது, அதை கழட்டி கீழ கார்டுல இருக்கிற ஹெச்டிஎம்ஐ இல்லன்னா டிஸ்ப்ளே போர்ட்ல சொருகு. டிரைவரை கம்பெனி சைட்ல இருந்தே இறக்கி போடு.

கேள்வி: லேப்டாப்ல கிராபிக்ஸ் கார்டு ஏத்த முடியுமா? இன்டெல் ஐ5 எட்டாம் ஜெனரேஷன், 4 ஜிபி ரேம்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உள்ள ஏத்த முடியாதுங்க. ஆனா உங்க இன்டெல் கிராபிக்ஸுக்கு தனியா மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்குது, அதனால பின்மூடியை கழட்டி ரெண்டாவது ஸ்லாட் காலியா இருந்தா அதே ஸ்பீடுல இன்னொரு 4 ஜிபி போடுங்க, ரெண்டு ரேமும் சேந்து ஓடுற டூயல் சேனல் ஆயிட்டா சின்ன கேம்கள்ல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்படியே ஃபேன்ல இருக்கிற தூசியை தட்டி பேஸ்ட்டும் மாத்திடுங்க.

கேள்வி: கேம் ஆடும்போது கரண்ட் போனா யுபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் உடனே ஆஃப் ஆகுது. சும்மா பிரவுசிங் பண்ணும்போது போனா நிக்குது. யுபிஎஸ் கெட்டுப்போச்சா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: பிரவுசிங்ல நிக்குதுன்னா யுபிஎஸ் நல்லாத்தான் இருக்கணும். நம்ம ஊர்ல சாதாரணமா விக்கிற 600 விஏ யுபிஎஸ் கிட்டத்தட்ட 360 வாட்தான் தாங்கும், பேட்டரி பழசானா அதையும் தாங்காது, கார்டும் மானிட்டரும் ஸ்பீக்கரும் சேந்து கேம் நேரத்துல அதை தாண்டிடும். ஸ்பீக்கர், பிரின்டர் எல்லாத்தையும் யுபிஎஸ்ல இருந்து எடுத்து நேரா சுவர்ல சொருகிட்டு ஆடிப் பாருங்க. அப்பவும் ஆஃப் ஆனா பேட்டரியை மாத்துங்க, மாத்தியும் நிக்கலன்னா 1000 விஏ வாங்கிடுங்க.