குதிப்பவருக்கு ஆடத் தெரியாதா?

கேள்வி: மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணியில் புகழ்பெற்ற யானிஸ் ஆன்டெட்டோகூம்போவிடமிருந்து உயரம், வேகம், தாவல் மூன்றையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? தூரத்திலிருந்து எறிய வராது. எதிரணி தவறு செய்தால் யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் ஃபிரீ த்ரோவின் கோட்டில் தடுமாறுகிறார். இவரை எப்படி எல்லாத் திறனும் வாய்ந்த ஆட்டக்காரர் என்கிறார்கள்? உடல் தளர்ந்ததும் கதை முடிந்துவிடாதா?

பதில்: கழித்தல் கணக்கில் நீங்கள் கெட்டிக்காரர்தான். ஆனால் அந்தக் கணக்கை ஒருவருக்கு மட்டும் போடுகிறீர்கள். தூர எறிதலுக்குப் பெயர்போன ஸ்டீபன் கரியிடமிருந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிவதைக் கழித்தால் மிச்சம் என்ன என்று யாரும் எனக்கு எழுதிக் கேட்டதில்லை. நிக்கோலா யோக்கிச் தரையை விட்டு ஒரு சாண் எழும்புவதே அபூர்வம். அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர் விருதை மூன்று முறை வாங்கிய அவரை, குதிக்கத் தெரியாத அரைகுறை என்று எவரும் சொல்வதில்லை. விரல் நுனியில் இருந்தால் வித்தை, தொடையில் இருந்தால் வரம். இந்தப் பாகுபாட்டை யார் செய்தது?

இதில் உங்களுக்குத் துணைக்கு ஆள் உண்டு. ஏழடி உயரத்தில் ஓடிப்போய்ப் பந்தை வளையத்துக்குள் திணிப்பதற்குத் திறமையே வேண்டாம், எனக்கும் அப்படி வாய்த்திருந்தால் நன்றாக இருக்குமே என்ற பொருளில் 2020 தொடக்கத்தில் இன்னொரு என்.பி.ஏ. வீரர் ஜேம்ஸ் ஹார்டன் ஒரு பேட்டியில் பேசினார். முந்தைய ஆண்டு அதே விருதுக்கான வாக்கெடுப்பில் யானிஸுக்கு அடுத்து இரண்டாமிடத்தில் நின்றவர் அவர் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்டதற்கு நேர்ப் பதில்: யானிஸ் எல்லாத் திறனும் வாய்ந்தவர் அல்லர். எறிதலில் அவருக்கு ஓட்டை இருக்கிறது, அது சின்ன ஓட்டையும் அன்று. ஆனால் அந்த ஓட்டையைக் காட்டி, மற்றதெல்லாம் உடம்பு செய்கிற வேலை என்று முடிக்கிறீர்களே, அங்கேதான் நான் உங்களோடு மோதுகிறேன்.

அவர் என்.பி.ஏ.யில் ஆடிய முதல் பருவம் 2013-14. நீண்ட கை, நீண்ட கால், தாவல் எல்லாம் அன்றைக்கே இருந்தன. ஆட்டத்துக்குச் சராசரியாக 6.8 புள்ளிகள்தான் எடுத்தார். அந்த ஆண்டு அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் அவர் பெயர் 15-ஆவதாகத்தான் வந்தது. அதாவது பதினான்கு பேர் அவருக்கு முன்னே எடுக்கப்பட்டார்கள். பிறகு கொஞ்சம் வளர்ந்தார், நிறையச் சதை போட்டார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2016-17இல் புள்ளிகள், ரீபவுண்டு (தவறி எழும்பும் பந்தைப் பிடிப்பது), தோழர் புள்ளியெடுக்கக் கொடுக்கும் பாஸ், பந்துப் பறிப்பு, தடுப்பு என்ற ஐந்து கணக்கிலும் ஒரே பருவத்தில் முதல் இருபது பேருக்குள் வந்த முதல் வீரர் ஆனாரே, அதைச் சதை மட்டும் செய்துவிடுமா? அப்படியானால் என்.பி.ஏ.யில் ஏறக்குறைய ஏழடி உயரமும் எகிறும் காலும் உள்ள எத்தனையோ பேர் ஏன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அவர் கூடையை நோக்கி வருவதை ஒரு முறை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 7.24 மீட்டர். அங்கே பந்தை ஒரு தட்டுத் தட்டுகிறார். பந்து எழும்பியதும் இரு கையாலும் வாரி எடுக்கிறார். இனி விதிப்படி இரண்டே எட்டுகள். முதல் எட்டு வலப்பக்கம் விழுகிறது. தடுப்பவர் உடம்பு முழுவதையும் அந்தப் பக்கம் சாய்த்துவிடுகிறார். பந்தும் கூடவே வலது இடுப்புக்கு வந்து, அப்படியே தலைக்கு மேலாகவோ வயிற்றோடு ஒட்டியோ மறுபக்கம் போகிறது. இரண்டாவது எட்டு இடப்பக்கம், சாய்ந்தவரின் தோளை உரசினாற்போல் விழுகிறது. ஒரு விரற்கடை உள்ளே விழுந்தால் மோதிய குற்றம் இவர் தலையில், ஒரு விரற்கடை வெளியே போனால் வளையம் எட்டாது. இதையெல்லாம் பாய்ச்சல் வேகத்தில், நூறு கிலோவுக்கு மேல் எடையைச் சுமந்துகொண்டு செய்ய வேண்டும். லித்துவேனியாவின் மார்ச்சுலியோனிஸ் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி பிரபலமாக்கிய இந்த 'யூரோ ஸ்டெப்'பை ஜினோபிலி ஆடியபோது கலை என்றார்கள். யானிஸ் ஆடினால் உயரமாம்!

தடுப்பாட்டத்துக்கும் ஓர் உதாரணம். 2021 இறுதிப்போட்டி (நான்கு ஆட்டம் வென்றவருக்கே பட்டம்), ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு எதிராக நான்காவது ஆட்டம். மில்வாக்கி இரண்டு புள்ளி முன்னிலை, ஒரு நிமிடத்துச் சொச்சம் பாக்கி. ஃபீனிக்ஸின் டெவின் புக்கர் பந்தோடு உள்ளே வருகிறார். அவரை மறிக்க யானிஸ் முன்னே வருகிறார். அந்த நொடியில் புக்கர் பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கிப் போடுகிறார், பின்னால் புக்கரின் தோழர் டியான்ட்ரே எய்ட்டன் எகிறியாயிற்று. யானிஸ் அப்படியே திரும்பி, எழும்பி, வளையத்தருகே பந்தை அறைந்து தள்ளினார். எழும்பியது கால்தான், மறுக்கவில்லை. ஆனால் புக்கரையும் நம்பவைத்து, எய்ட்டனையும் கைவிடாமல், இருவருக்கும் நடுவே சரியான தூரத்தில் நின்ற அறிவு எந்தத் தசையில் இருக்கிறது? அதற்குப் பதினைந்து நாள் முன்புதான் முழங்கால் பின்பக்கமாக மடங்கி மைதானத்தை விட்டு வெளியேறியிருந்தார்.

இனி ஓட்டைக்கு வருவோம். 2019இல் கிழக்குப் பிரிவு இறுதியில் டொரன்டோவுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்ற மில்வாக்கி, அடுத்த நான்கையும் தோற்றது. டொரன்டோ செய்தது எளிது: எறிய மாட்டார் என்று தெரிந்து, கூடைக்கு முன்னால் ஆட்களை நிறுத்திச் சுவர் எழுப்பியது. மறு ஆண்டு மயாமியும் அதே சுவரைக் கட்டி 4-1 என்று அனுப்பிவைத்தது; கடைசி ஆட்டத்தில் கணுக்கால் காயத்தால் யானிஸ் ஆடவே இல்லை என்பது வேறு. எறியத் தெரியாததன் விலை தவறிய பந்துகளோடு நிற்பதில்லை, தோழர்கள் உள்ளே நுழையும் வழியையும் அது அடைத்துவிடுகிறது. இவ்வளவும் சரி.

ஃபிரீ த்ரோ எறியப் பத்து விநாடிதான் அவகாசம். இவர் அதை முழுக்க எடுத்துக்கொள்பவர். 2021இல் பட்டத்துக்கான பிளே-ஆஃப் ஆட்டங்களில் எதிரணி அரங்கங்கள் ஒன்று, இரண்டு என்று கோரஸாக எண்ணிக் கேலி செய்தன. இறுதியின் ஐந்தாவது ஆட்டத்தில், தோழர் ஜூரூ ஹாலிடே தூக்கிப்போட்ட பந்தை வளையத்தில் இறக்கிவிட்டு, கூடவே கிடைத்த ஃபிரீ த்ரோவைத் தவறவிட்டார். தவறிய பந்தைத் தானே தட்டிவிட்டு மில்வாக்கி கைக்கே திருப்பினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளிகள். அதில் 19 ஃபிரீ த்ரோக்களில் 17 உள்ளே. மில்வாக்கிக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம். இதை வைத்து அவருக்கு எறிய வந்துவிட்டது என்று வாதாட மாட்டேன். 2022-23 பருவத்தில் பழைய தடுமாற்றம் திரும்பிவிட்டது.

உடல் தளர்ந்தால்? உங்கள் கேள்வியில் உருப்படியான பகுதி இதுதான். யானிஸுக்கும் அது தெரிந்திருக்கிறது. 2023-24இல் ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளிகளை 60 சதவீதத்துக்கு மேல் குறி தவறாமல் எடுத்தவர், அடுத்த பருவத்தில் மூன்று புள்ளி எறிதலை ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் கீழே குறைத்துக்கொண்டார். வராததை விட்டுவிட்டு, கோட்டுக்கு உள்ளே நின்று, சற்றுச் சாய்ந்து எறியும் நடுத்தூர எறிதலைப் பெருக்கினார். முன்பு அவரைத் தனியே விட்டுக் கூடைக்கடியில் போய் நின்றுகொண்ட தடுப்பாளர், இப்போது இரண்டடி முன்னே வர வேண்டியிருக்கிறது. அப்படி அவர் முன்னே வந்ததும், மேலே சொன்ன அந்த முதல் எட்டு வலப்பக்கம் விழுகிறது.