முதியோர் இல்லத்தில் அம்மாவுக்குப் படுக்கைப் புண்: யாரைக் கேட்பது, என்ன பார்ப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 82 வயது. பாரிசவாதம் வந்த பிறகு தானாகப் புரண்டு படுக்க முடியாது. திருகோணமலையில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான் கனடாவில். போன கிழமை அவரைப் பார்க்கப் போன என் மச்சாள், அம்மாவின் முதுகுக்கு அடியில் ஐந்து ரூபாய்க் காசளவில் ஒரு புண்ணைக் கண்டிருக்கிறாள். "வயது போனால் இது வரும்தான்" என்று இல்லத்தில் சொன்னார்களாம். அம்மாவை அங்கே சேர்த்துவிட்ட ஏஜென்ட், "முறைப்பாடு செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், பேசாமல் இருங்கள்" என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் (ஓய்வுபெற்ற மேற்பார்வைத் தாதி):

வயது போனால் தோல் மெலியும், அது உண்மை. ஆனால் வயது மட்டும் புண்ணை உண்டாக்காது. ஒரே பக்கமாகக் கிடக்கும்போது உடம்பின் பாரம் எலும்பு துருத்தும் இடங்களில் இறங்குகிறது. முள்ளந்தண்டின் அடி, இடுப்பு எலும்பு, குதிக்கால். அங்கே எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசிந்து இரத்தம் ஓடாமல் போய்விடும். சில மணி நேரத்தில் உள்ளே சதை சாகத் தொடங்கும். வெளியே தெரிவது பிறகுதான். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றி, நனைந்த பம்பர்ஸை உடனே கழற்றி, ஒழுங்காகச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தால் பெரும்பாலான புண்கள் வராது. இங்கே சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். கேட்டு வாங்கிக் குடிக்க அவர்களுக்கு முடியாது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரவில் அம்மாவை யார் புரட்டுகிறார்கள்? பகலில் எல்லா இல்லத்திலும் ஆட்கள் நிற்பார்கள். இரவில் பல இடங்களில் ஒரேயொரு பிள்ளைதான், அவளும் பயிற்சி இல்லாமல். பாரிசவாதம் வந்த ஒருவரைத் தனி ஆளாகப் புரட்டினால் இழுத்துத்தான் புரட்ட வேண்டிவரும். அந்த இழுவையிலும் தோல் கிழியும். அந்தப் பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை. இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்காத முதலாளியைக் கேளுங்கள்.

கேட்டால் சுவரில் ஒட்டிய அட்டவணையைக் காட்டுவார்கள். நம்பாதீர்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், மூன்று நாளுக்கும் வரிசையாகச் சரி போட்டிருந்தால் அதை ஒரே இருப்பில் நிரப்பியிருக்கிறார்கள். காற்று மெத்தை போட்டிருக்கிறோம் என்பார்கள். அது நல்லதுதான், ஆனால் புரட்டும் வேலையை அது செய்யாது. இரவில் சத்தம் என்று பம்பை நிறுத்திவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம், ஓடிக்கொலோன் பூசுகிறோம், நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தில் இருத்துகிறோம் என்றெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். மூன்றும் கெடுதல். புண்ணில் கெப்சூலை உடைத்துத் தூள் போடுவது அதைவிட மோசம்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உயிர் பிரியும் தறுவாயில், கடைசி நாட்களில், எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் சிலருக்குத் தோல் உடையும். இதயமும் சிறுநீரகமும் தளர்வதுபோலத் தோலும் தளர்கிறது. அப்போது வரும் புண்ணுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது; அந்த நேரத்தில் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டி வேதனைப்படுத்துவதும் சரியில்லை. நல்ல இல்லங்கள் சில இதனால் அநியாயமாகப் பேச்சு வாங்கியிருக்கின்றன. ஆனால் இதையே சாட்டாக எல்லாருக்கும் சொல்லும் இல்லங்களும் உண்டு. உங்கள் அம்மா ஆட்களை அடையாளம் காண்கிறாரா? கரண்டியால் ஊட்டினால் விழுங்குகிறாரா? தாங்கிப் பிடித்தால் கதிரையில் இருப்பாரா? ஆம் என்றால் அவர் கடைசி நாட்களில் இல்லை, இந்த விதிவிலக்கு அவருக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் இல்லத்தின் ஆளைக் கேட்காமல், அவரைப் பார்க்கும் வைத்தியரைக் கேளுங்கள்.

வீடியோ அழைப்பில் இதெல்லாம் தெரியாது. முகத்துக்கு முன்னால்தானே போனைப் பிடிக்கிறார்கள். மச்சாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காலை வேளையில் போகட்டும். முதுகின் அடி, இரண்டு இடுப்பு, இரண்டு குதிக்கால், எல்லாம் பார்க்க வேண்டும். எங்கள் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கிறதா, அம்மா முகம் சுளிக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். புண்ணில் நாற்றம், கறுத்த சதை, ஆழமான குழி, அல்லது அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற ஆம்புலன்ஸ் இலக்கத்தை அழைத்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோகட்டும். ஆம்புலன்சுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

இப்போது அந்த ஏஜென்ட். அவர் சொன்னது உங்கள் அம்மாவுக்காக இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சேர்க்கும்போது உங்களிடம் ஒரு தொகை, இல்லத்திடம் ஒரு தொகை. நீங்கள் முறைப்பாடு செய்தால் இல்லத்துடன் அவருடைய தொழில் கெட்டுவிடும். அம்மாவை வேறு இல்லத்துக்கு மாற்றினால் மறுபடியும் ஒரு தொகை. மாதக் காசை அவர் கையில் கொடுக்கவே வேண்டாம். இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அம்மாவின் ஓய்வூதியப் புத்தகம், அடையாள அட்டை, காணி உறுதி எதுவும் அவரிடமோ இல்லத்திடமோ இருக்கக் கூடாது. "வசதிக்காக ஒரு அற்றோணித் தத்துவம் எழுதித் தாருங்கள்" என்று, அதாவது உங்களுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை, கேட்டால் அன்றோடு அவருடைய தொடர்பை விடுங்கள். பெருவிரல் அடையாளம் வைக்கத் தெரிந்த கிழவியின் காணி எப்படிக் கைமாறும் என்று இங்கே திருகோணமலையில் உவர்மலையிலும் உப்புவெளியிலும் கேட்டால் சொல்வார்கள்.

முறைப்பாடு செய்ய இடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்படியான இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்கும், மாகாண சமூக சேவைகள் திணைக்களத்துக்கும் தமிழிலேயே எழுதி, தேசிய முதியோர் செயலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மூன்று இடத்துக்கும் ஏன் என்றால், ஒரு இடத்துக்கு மட்டும் எழுதினால் அது மற்றவரின் வேலை என்று திருப்பி அனுப்புவார்கள். சுகாதாரப் பரிசோதகர் குசினியைப் பார்க்கிறார், இன்னொருவர் கட்டடத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் பதிவேட்டைப் பார்க்கிறார். படுத்துக் கிடக்கும் மனிதரின் முதுகைத் திருப்பிப் பார்ப்பது ஒருவருடைய கடமையாகவும் இல்லை! இவ்வளவு கிழவர்கள் இருக்கிற நாட்டில் இது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

மச்சாள் போகும்போது புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காசை வைத்து, திகதியோடு படம் எடுக்கட்டும். ஒரு கிழமை கழித்து அதே இடத்தில் இன்னொரு படம். புண் சுருங்கியிருந்தால் அவர்கள் புரட்டத் தொடங்கிவிட்டார்கள், அங்கேயே இருக்கலாம். பெருத்திருந்தால் இரண்டு படத்தையும் முறைப்பாட்டுடன் இணைத்துவிட்டு, வேறு இடம் தேடுங்கள், ஏஜென்ட் இல்லாமல்.