மேல் கடைவாயில் எலும்பு காணாவிட்டால்: கேள்வி பதில்

கொக்குவில்: டொக்டர், மேல் கடைவாய்ப் பல்லு கழட்டிக் கனகாலம். இம்பிளாண்ட் எனும் செயற்கைப் பல்வேர் வைக்கப் போனால் "சைனஸைத் தூக்க வேணும்" என்கிறார்கள். பல்லுக்கும் பீனிசத்துக்கும் என்ன தொடுப்பு?

பீனிசத்துக்காக இல்லை, ஐயா. கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே சைனஸ் எனும் காற்றறை இருக்கிறது. பல்லுப் போனபின் கீழே எலும்பு கரையும், மேலே அறை இறங்கி வரும். நடுவில் மிஞ்சுவது இம்பிளாண்டைத் தாங்கக் காணாது. ஆகவே அறையின் அடிச்சவ்வை உயர்த்தி, அதன்கீழ் எலும்புத்தூள் வைக்கிறோம்.

நல்லூர்: ஒருவர் பக்கத்தால் யன்னல் வெட்டச் சொல்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

ஸ்கானில் மிஞ்சிய எலும்பின் உயரத்தைக் கேளுங்கள். ஏறத்தாழ 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பெரும்பாலும் பக்க யன்னல்தான். 1980இல் பொய்ன், ஜேம்ஸ் எனும் டொக்டர்மார் இருவரும் எழுதிய முறை அது. முரசை விலக்கி, எலும்பில் சிறு யன்னல் திறந்து, சவ்வைக் கரண்டி போன்ற கருவியால் மெல்ல மெல்ல உரித்து உயர்த்துவோம். சவ்வு பச்சை முட்டையின் உட்தோல் மாதிரி. பயிலும் டொக்டர்மார் முட்டையில்தான் கைபழகுகிறார்கள். அதிகம் நடக்கும் சிக்கலும் அது கிழிவதுதான். சிறு கிழிசலைக் கொலாஜன் எனும் புரதத் தாளால் மூடித் தொடரலாம். பெரிதென்றால் நிறுத்திவிட்டு, மாதங்கள் கழித்துத் திரும்பச் செய்வதே புத்தி.

எலும்பு அதைவிடக் கூட இருந்தால், இம்பிளாண்டுக்குத் துளைக்கும் அதே துளையால் சில மில்லிமீற்றர் உயர்த்தலாம். 1994இல் சமர்ஸ் எனும் பல் டொக்டர் எழுதிய வழி. சிலருக்குக் கட்டை இம்பிளாண்டே போதும், தூக்கவே தேவையில்லை. அதையும் கேட்டுப் பாருங்கள்.

சாவகச்சேரி: நாங்கள் சைவம். அந்தத் தூள் மாட்டெலும்பு என்கிறார்கள், உண்மையோ?

பல இடங்களில் உண்மைதான், அக்கா. புரதம் நீக்கிய தாதுப்பொருள் அது, ஆனால் மாட்டிலிருந்து வந்ததே. செயற்கைத் தூளும் உண்டு, உங்கள் தாடையிலிருந்தே எடுக்கவும் முடியும். கொலாஜன் தாளும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து வருவது. கதிரையில் ஏறமுதலே கேளுங்கள். கேட்காமலே சொல்லவேண்டியது டொக்டரின் கடமை என்பேன்.

ரொறன்ரோவிலிருந்து வந்தவர்: திருவிழா முடிய அடுத்த கிழமை பிளேன். அதற்குள் செய்யலாமோ?

வேண்டாம், தம்பி. காற்றழுத்தம் மாறும், புண் ஆறியிருக்காது. தூள் எலும்பாகவே பெரும்பாலும் 6 முதல் 9 மாதம். பின்தொடர யார் இருக்கிறார்களோ அங்கே செய்யுங்கள்.

பருத்தித்துறை: செய்தபின் தடிமன் பிடித்தால்?

மூக்குச் சீறாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ரோவால் உறிஞ்சாதீர்கள். முதல் நாட்களில் மூக்கால் கொஞ்சம் இரத்தம் கசிவது வழமை. நிற்காமல் வந்தாலோ தூள் மூக்கால் வந்தாலோ உடனே டொக்டரிடம் போங்கள். சுருட்டு, சிகரெட் இரண்டையும் முன்கூட்டியே விடுங்கள்.