நதிகளைப் பற்றிக் கேளுங்கள்: கங்கை, சாளக்கிராமம், சரஸ்வதி

புவியியலும் புராணமும் கலந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. சரஸ்வதியைப் பற்றித்தான் பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

கே: கங்கை கயிலாயத்தில் பிறக்கிறது என்கிறார்களே, சரியா சார்?

ப: இல்லை. கங்கோத்ரிப் பனியாற்றின் கோமுகத்தில் பாகீரதி பிறக்கிறது. தேவபிரயாகையில் அலக்நந்தாவோடு சேர்ந்த பிறகுதான் கங்கை என்று பெயர். கயிலாயம், மானசரோவர் வட்டாரத்தில் தொடங்குபவை சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கர்னாலி.

கே: சாளக்கிராமம் ஏன் கண்டகியில் மட்டும் கிடைக்கிறது?

ப: நேபாளத்தின் காளி கண்டகி, கடலடிப் பாறைகளை அறுத்துக்கொண்டு வருகிற ஆறு. இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே டெத்தீஸ் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் ஓடு படிந்த கருங்கல் உருண்டைதான் சாளக்கிராமம். பிளந்தால் உள்ளே வரிவரியாகச் சுருள் தெரியும். பக்தர்கள் அதைத் திருமாலின் சக்கரம் என்கிறார்கள். நம் பூஜையறைத் தட்டில் ஒரு பழங்கடல் இருக்கிறது என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

கே: சரஸ்வதி பிரயாகையில் பூமிக்கடியில் ஓடுகிறதா?

ப: திரிவேணியில் நீராடுவது நம்பிக்கை, அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் பழைய நூல்கள் அவளை வேறு இடத்தில் வைக்கின்றன. ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தின் நதி சூக்தம் கங்கை, யமுனை, சரஸ்வதி, சுதுத்ரி என்று கிழக்கிலிருந்து மேற்காக அடுக்குகிறது. சுதுத்ரி என்பது இன்றைய சட்லெஜ். யமுனைக்கும் சட்லெஜுக்கும் நடுவே என்றால் ஹரியானா. மகாபாரதத்தில் பலராமன் சரஸ்வதிக் கரையோரம் தீர்த்த யாத்திரை போகிறான். அவள் மணலில் மறையும் இடத்துக்கு விநசனம் என்று பெயர்.

கே: அப்படியானால் ஹரியானா, ராஜஸ்தான் வழியே மழைக்காலத்தில் ஓடும் கக்கர் ஆறுதான் சரஸ்வதி. சாட்டிலைட் படத்திலேயே அகலமான தடம் தெரிகிறதே!

ப: பெயர் பொருந்துகிறது என்பது என் கருத்தும்தான். ஆனால் தடம் தெரிந்தால் போதாது. அதில் தண்ணீர் எப்போது ஓடியது என்று கேளுங்கள். இதை இன்னும் பல முறை சொல்லப் போகிறேன்.

2017-இல் வந்த ஓர் ஆய்வில், கக்கர் தடத்தில் ராஜஸ்தானிலுள்ள ஹரப்பா கால ஊரான காளிபங்கன் பக்கம் ஆழத் துளையிட்டு மணல் எடுத்தார்கள். மணல் பரல் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று அளக்க முடியும். அதனால் வெளிச்சம் படாமல் எடுத்து, மங்கலான சிவப்பு விளக்கில் வைத்துத்தான் வேலை செய்வார்கள். சட்லெஜ் அந்தத் தடத்தில் ஓடியது உண்மை, ஆனால் ஏறக்குறைய 8000 ஆண்டுகளுக்கு முன்பே விலகிவிட்டது என்று முடிவு வந்தது. ஹரப்பா நகரங்கள் எழுந்தது அதற்கு வெகுகாலம் கழித்து.

கே: (அதே நண்பர்) 2019 ஆய்வு அதற்கு நேர் எதிராகச் சொல்கிறதே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

ப: மறைக்கவில்லை, அடுத்து அதற்குத்தான் வந்தேன். 9000 முதல் 4500 ஆண்டுகள் முன்புவரை கக்கரில் ஆண்டு முழுதும் நீர் ஓடியது, சட்லெஜின் கிளைகள் ஊட்டியிருக்கலாம் என்று அது சொல்கிறது. நல்ல ஆய்வு. இரண்டையும் படியுங்கள். எனக்கு முதலாவதுதான் வலுவாகப் படுகிறது.

வேதத்துக்குள்ளேயே இரு குரல் உண்டு. ஏழாம் மண்டலம், மலையிலிருந்து கடல்வரை போகிறாள் என்று சரஸ்வதியைப் பாடுகிறது. மூன்றாம் மண்டலத்தில் விசுவாமித்திரர் விபாசையும் (இன்றைய பியாஸ்) சுதுத்ரியும் சேர்ந்தோடும் இடத்தில் நின்று, எங்கள் வண்டி அச்சுக்குக் கீழே இறங்கி ஓடுங்கள் என்று கெஞ்சுகிறார். அதாவது அப்போதே சட்லெஜ் பியாஸோடு சேர்ந்துவிட்டது. கக்கர் பக்கம் அதன் பெருவெள்ளம் போயிருக்க முடியாது.

கே: பெரிய ஆறு இல்லாமல் கக்கர் கரையில் அத்தனை ஹரப்பா ஊர்கள் எப்படி?

ப: அருமையான கேள்வி. சட்லெஜ் விட்டுப்போன பள்ளம் தாழ்வானது, வண்டல் நிறைந்தது. மழைக்கால நீர் அதில் வந்து பாயும். இமயத்துப் பேராற்றின் வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போகும் பயமும் இல்லை. பயிர் வைக்க வேறென்ன வேண்டும்?

கே: சரஸ்வதி இருந்ததா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள் அண்ணா.

ப: மேலே படியுங்கள்.

கே: எங்கள் ஊர்ப் பக்கம் சாட்டிலைட் படத்தில் ஒரு பழைய ஆற்றுத் தடம்...

ப: எப்போது ஓடியது? அதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

கே: காவிரித் தீர்ப்பில் நமக்கு எத்தனை டிஎம்சி?

ப: அது சட்டத் துறை. வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள்.

கே: நர்மதைக்கும் சோணைக்கும் கல்யாணம் முறிந்த கதை உண்டாமே?

ப: உண்டு. சோணனின் மனம் ஜோகிலா என்ற சிற்றாற்றிடம் போனதால் நர்மதை கோபித்துக்கொண்டு மேற்கே திரும்பினாள் என்பார்கள். இரண்டுமே அமர்கண்டகப் பக்கம் பிறக்கின்றன. சோணை வடகிழக்கே போய்க் கங்கையில் சேர்கிறது. நர்மதை விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் நடுவிலுள்ள பிளவுப் பள்ளத்தில் இறங்கி, 1312 கிலோமீட்டர் ஓடி, பரூச் அருகே அரபிக்கடலில் கலக்கிறது. ஜோகிலா இன்றும் சோணையில்தான் சேர்கிறது. கதை கட்டியவர்கள் அந்தப் பிரதேசத்தை நடந்து பார்த்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.