சென்னை பீச்-செங்கல்பட்டு ட்ரெயின் லைன்ல வீடு வாங்கப் போறீங்களா, கேளுங்க

பேங்க் ஹோம்லோனுக்கு வேல்யூவேஷன் பண்றது தான் என் வேலை, 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. டேப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு பல்லாவரத்துல இருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஏறாத மாடி இல்ல. சிட்டிக்குள்ள கட்டுப்படியாகல, ட்ரெயின் லைன்ல குடும்பத்தோட நிம்மதியா இருக்கற மாதிரி எங்க வாங்கலாம்னு ஆளாளுக்கு தனித்தனியா கேக்கறீங்க, அதான் மொத்தமா இங்கயே சொல்லிடறேன். புரோக்கர் நம்பர் மட்டும் கேக்காதீங்க.

கேள்வி: அண்ணே, எனக்கு கிண்டில வேலை, வொய்ஃபுக்கு மாம்பலம். பொண்ணுக்கு 6 வயசு. 65 லட்சம் வரைக்கும் போகலாம். குரோம்பேட்டையா, தாம்பரமா, கூடுவாஞ்சேரியா?

ஊர் பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி. தாம்பரத்துல இருந்து கிண்டி லோக்கல்ல அரைமணி சொச்சம், கூடுவாஞ்சேரினா இன்னும் இருபது இருபத்தஞ்சு நிமிஷம் சேரும், அவ்வளவு தான் வித்தியாசம். நிறைய வண்டி தாம்பரத்தோட நின்னுடும், அதைத் தாண்டினா வண்டியும் கம்மி, ஞாயித்துக்கிழமை இன்னும் மோசம், டிராக் வேலைனு சொல்லி கேன்சல் பண்ணிடுவாங்க. ஆனா இதெல்லாம் ஆப்ல பாத்தாலே தெரிஞ்சிடும். யாரும் பாக்காதது ஸ்டேஷன்ல இறங்கினதுல இருந்து உங்க வீட்டு கேட் வரைக்கும் இருக்கற அந்தத் தூரம்.

அகரம்தென் பக்கம் ஒரு ஃபிளாட், நோட்டீஸ்ல "தாம்பரம் ரயில் நிலையம் 10 நிமிடம்"னு போட்டிருந்தான். நான் சைட் பாக்கப் போனது சாயங்காலம் ஆறரை மணி. கிழக்குத் தாம்பரத்துல இருந்து வேளச்சேரி ரோட்ல வண்டி ஊர்ந்து, கேம்ப் ரோடு சிக்னல் தாண்டி, அங்க போய்ச் சேர 40 நிமிஷம் ஆச்சு. அதே கூடுவாஞ்சேரில நந்திவரம் பக்கம் ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போற மாதிரி வீடு இருக்கு. மேப்ல தூரமா தெரியறது நெஜத்துல கிட்ட, கிட்டனு தெரியறது தூரம். நீங்க கிண்டில ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிஞ்சு அப்படியே ட்ரெயின் ஏறி, பாத்து வச்சிருக்கற வீட்டு வாசல் வரைக்கும் போய் நில்லுங்க, பைக் வேணாம், கார் வேணாம். வொய்ஃபையும் மாம்பலத்துல இருந்து தனியா வரச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எழுதிக்கிட்டு அப்புறம் விலை பேசுங்க.

கேள்வி: அண்ணா, நான் வேலை முடிஞ்சு ஸ்டேஷன்ல இறங்கவே ஒன்பதரை ஆயிடும். பொம்பளைங்க தனியா நடந்து வர்றதுக்கு எந்த ஏரியா சேஃப்?

ஏரியான்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்மா, தெரு தெருவா மாறுது. 2022 ஜனவரில இருந்து தாம்பரத்துக்குனு தனி போலீஸ் கமிஷனரேட் இருக்கு, ரோந்து வண்டி வருது, அதெல்லாம் நல்லது தான், ஆனா ரோந்து வண்டி உங்க கூடவே நடந்து வராது.

நான் பாக்கறதை சொல்றேன். ஸ்டேஷன்ல எந்தப் பக்கம் இறங்கணும், சப்வேயா படிக்கட்டா, சப்வேனா ராத்திரி லைட் எரியுதா, மழைல தண்ணி நிக்குதா. அடுத்து டாஸ்மாக். கார்ப்பரேஷன் ஏரியால ஸ்கூல், கோயில்ல இருந்து 50 மீட்டர் தள்ளி இருந்தா போதும்னு தான் ரூல், 50 மீட்டர்ங்கறது நாலு கடை தாண்டி அஞ்சாவது கடை அவ்வளவு தான். பத்து மணிக்கு கடை சாத்தும்போது கூட்டம் எந்தத் தெருவுல கலையுதோ அந்தத் தெரு வழியா நீங்க தினம் நடக்க வேண்டி இருக்கும்னா, வீடு எவ்வளவு அழகா இருந்தாலும் வேணாம். பகல்ல போனீங்கன்னா அது சும்மா ஒரு ஷட்டர் போட்ட கடை, கண்ணுலயே படாது.

அப்புறம் காலி மனை. புது லேஅவுட்ல நாலு வீடு, நடுவுல பத்து மனை புதர் மண்டிக் கிடக்கும். லைட் கம்பம் இருக்கும், பல்பு இருக்காது. பழைய தெரு, ஒன்பதரைக்கும் ஒரு மருந்துக்கடை, ஒரு மாவுக்கடை, இட்லி விக்கற அம்மானு ஆள் நடமாட்டம் இருந்துச்சுன்னா அதை விட பெரிய சிசிடிவி கிடையாது. "காவல் உதவி" ஆப் போன்ல போட்டு வச்சுக்கோங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஒன்பதரைக்கு அண்ணனையோ வீட்டுக்காரரையோ பத்தடி பின்னாடி வரச் சொல்லிட்டு நீங்க முன்னாடி தனியா நடந்து பாருங்க, அஞ்சு நிமிஷத்துல உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கேள்வி: முடிச்சூர் பக்கம் ரேட் கம்மியா சொல்றாங்க. 2015க்கு அப்புறம் கால்வாய் எல்லாம் கட்டிட்டாங்க, இனிமே தண்ணி வராதுன்னு சொல்றாங்க, நம்பலாமா சார்?

இதுக்கு கொஞ்சம் நீளமாவே சொல்லணும், ஏன்னா நான் அடிபட்டவன். ஊருக்கெல்லாம் வீடு பாத்து சொன்ன நான் என் முதல் வீட்டை அந்தப் பக்கம் தான் தரைத்தளத்துல வாங்கினேன், பில்டர் தெரிஞ்சவர், ரெண்டு லட்சம் குறைச்சுக் குடுத்தார், மண்ணு ரொம்ப மலிவா இருக்கே ஏன்னு கேக்கத் தோணல. 2015 டிசம்பர் வெள்ளத்துல ஃபிரிட்ஜ் மிதந்துச்சு. மொட்டை மாடில ரெண்டு நாள். குழந்தை ஸ்கூல் சர்டிஃபிகேட், கல்யாண ஆல்பம் எல்லாம் கூழ். அந்த பில்டர் அப்புறம் போனே எடுக்கல.

ஏன் அங்க வருதுன்னா, ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம்னு மேல இருக்கற ஏரிங்க நிரம்பி கலங்கல் போற தண்ணி எல்லாம் அடையாறுல சேர்ற இடம் வரதராஜபுரம், முடிச்சூர் சுத்து வட்டாரம். எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியை திட்டுவாங்க, ஆனா செம்பரம்பாக்கம் தண்ணி அடையாறுல சேர்றது இதுக்கும் கீழ, முடிச்சூர்ல ஏறினது இந்தச் சின்ன ஏரிங்க தண்ணி. மூடுகால்வாய் கட்டினாங்க, ஆத்தை அகலப்படுத்தினாங்க, முன்னை விட பரவால்ல தான். ஆனா 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் தாழ்வான தெருவுல தண்ணி வந்துச்சு. அதுக்காக முடிச்சூர் மொத்தமும் வேணாம்னு சொல்லல, மேட்டுத் தெருவும் இருக்கு.

இது தாம்பரத்துக்கு மேற்குப் பக்கம். கிழக்குலயும் கதை இருக்கு, சிட்லபாக்கம் ஏரி நிரம்பினா செம்பாக்கம், அது நிரம்பினா நன்மங்கலம்னு ஒண்ணுக்கொண்ணு கோர்த்து கடைசில பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். நடுவுல வாய்க்கால் இருந்த இடத்துல வீடு வந்திருந்தா தண்ணி அந்த வீட்டு வழியா போகும், அதுக்கு வேற வழி தெரியாது.

போய் பாக்கும்போது தெருவுல இருக்கற பழைய வீட்டைப் பாருங்க. ஈபி மீட்டர் பெட்டி நெஞ்சு உயரத்துக்கு மேல தூக்கி மாட்டியிருக்கா? காம்பவுண்ட் சுவர்ல பழுப்பா ஒரே கோடு ஓடுதா? வாசப்படி தெருவை விட கீழ போகுதா? ரோடை சுரண்டாம மேல மேல போட்டதுல பாதி வீடு பள்ளத்துக்குப் போயிடுச்சு. அப்புறம் அயர்ன் வண்டிக்காரர், தண்ணி கேன் போடற பையன், இவங்க கிட்ட கேளுங்க. வீட்டு ஓனருங்க சொல்ல மாட்டாங்க, அவங்க வீட்டு விலை விழுந்துடும். அயர்ன்காரர் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார், "2015ல இதுவரைக்கும்"னு.

கேள்வி: குடிதண்ணி எப்படி?

போர் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சு டெஸ்ட்டுக்கு குடுங்க, பல இடத்துல உப்பு. அபார்ட்மெண்ட்னா மே மாசம் எத்தனை லாரி வாங்கினாங்கன்னு அசோசியேஷன் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்க. பாதாள சாக்கடை இல்லாத தெருனா செப்டிக் டேங்க் லாரி செலவையும் அதுல சேர்த்துக்கோங்க.

கேள்வி: 1000 ஸ்கொயர்ஃபீட் ஃபிளாட்னு சொல்றாங்க, யூடிஎஸ் 280 தான் வருது. ஓகேவா அண்ணே?

மொதல்ல அந்த 1000ஐ நம்பாதீங்க. படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் பங்கு எல்லாம் சேர்த்து சொல்றது அது. உள்ள கால் வைக்கற இடம், கார்பெட் ஏரியா, எழுநூறு சொச்சம் வந்தா பெருசு. ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்பெட் ஏரியா போட்டுத் தான் விக்கணும், 500 சதுர மீட்டருக்கு மேல இல்ல 8 வீட்டுக்கு மேல கட்டற புராஜெக்ட் எல்லாம் ரெரால பதிஞ்சிருக்கணும், நம்பரை வாங்கி தமிழ்நாடு ரெரா சைட்ல நீங்களே போட்டுப் பாருங்க. யூடிஎஸ்ங்கறது மண்ணுல உங்க பங்கு. 30 வருஷம் கழிச்சு பில்டிங்கை இடிச்சு கட்டும்போது கையில நிக்கப் போறது அது ஒண்ணு தான். 280னா நிறைய மாடி போட்டு நிறைய பேருக்கு பிரிச்சிருக்காங்கன்னு அர்த்தம், உயரமான பில்டிங்ல அது சகஜம். மூணு மாடி பில்டிங்லயே 280னா நான் யோசிப்பேன். குரோம்பேட்டை, சானடோரியம் பக்கம் பழைய மூணு மாடி ஃபிளாட்ல 450, 500 எல்லாம் பாத்திருக்கேன், லிஃப்ட் இருக்காது, பாத்ரூம் டைல்ஸ் அசிங்கமா இருக்கும், ஆனா மண்ணு இருக்கும்.

கேள்வி: ஊரப்பாக்கம் உள்ள பஞ்சாயத்து அப்ரூவல் மனை, சென்ட் ரேட் பாதி தான். வாங்கி மெதுவா கட்டிக்கலாம்னு ஐடியா.

பஞ்சாயத்து தலைவர் கையெழுத்து லேஅவுட் அப்ரூவல் ஆகாது. இடத்தைப் பொறுத்து சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இல்லைனா டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தான் அப்ரூவல் குடுக்கணும். அப்ரூவல் இல்லாத மனையை 2016 அக்டோபர் 20க்கு அப்புறம் புதுசா பிரிச்சு பத்திரம் போட முடியாது, அதுக்கு முன்னாடி பிரிச்சு வித்ததுக்கு 2017ல வரன்முறைப்படுத்தற திட்டம் வந்துச்சு. அதனால உங்க மனை அதுல வரன்முறை ஆயிருக்கா, ஆர்டர் காப்பி இருக்கானு கேளுங்க. இல்லைனா பேங்க் லோன் கிடையாது, நானே ரிப்போர்ட்ல எழுத மாட்டேன். கூடவே கிராம நிர்வாக அலுவலர் கிட்ட அ-பதிவேட்ல அந்த சர்வே நம்பர் என்னனு போட்டிருக்குன்னு பாருங்க. ஓடை, மேய்க்கால், ஏரி புறம்போக்குனு இருந்தா பத்திரம் எத்தனை கைமாறியிருந்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. 30 வருஷ வில்லங்கமும் மூலப் பத்திரமும் வக்கீல் கிட்ட குடுத்துப் பாக்கணும், பில்டரோட வக்கீல் இல்ல, உங்க வக்கீல்.

கேள்வி: கிளாம்பாக்கம் வரைக்கும் மெட்ரோ வருதாமே, இப்பவே வண்டலூர்ல வாங்கிப் போட்டா லாபமா?

ஏர்போர்ட்ல இருந்து கிளாம்பாக்கம் 15 கிலோமீட்டர் சொச்சம், பல வருஷமா பேச்சு இருக்கு. தூண் எழும்பினதுக்கு அப்புறம் காசு குடுங்க. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் 2023 டிசம்பர்ல திறந்தாச்சு, அது நெஜம், ஆனா தீபாவளி பொங்கலுக்கு முன்னாடி ராத்திரி ஜிஎஸ்டி ரோட்டைக் கடந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. குடியிருக்கற வீட்டுக்கு லாபக் கணக்கு போடறதே எனக்குப் பிடிக்காது, அது என் குணம்.

கேள்வி: ஆபீஸ் சிறுசேரி. தாம்பரம் வசதியா?

வேணாம். ட்ரெயினே உபயோகப்படாத ஆளுக்கு ட்ரெயின் லைன்ல வீடு எதுக்கு? வண்டலூர்-கேளம்பாக்கம் ரோடு பக்கம் பாருங்க.

கேள்வி: ஸ்கூல் எப்படி பாக்கறது அண்ணா? நல்ல ஸ்கூல் எல்லாம் தூரமா இருக்கு.

ஸ்கூல் நல்லதானு என்னைக் கேக்காதீங்க, அங்க படிக்கற பசங்களோட அம்மாங்களைக் கேளுங்க. நான் ரெண்டு விஷயம் பாப்பேன். பிள்ளை ஜிஎஸ்டி ரோட்டையோ லெவல் கிராசிங்கையோ தாண்டணுமா, தாண்டணும்னா வேன் காலைல ஏழேகாலுக்கே வந்துடும், தூக்கம் போச்சு. ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் ஸ்கூல்ல குடுக்கற 25 சதவீத சீட்டுக்கு அப்ளை பண்ற ஐடியா இருந்தா ஸ்கூல் வீட்ல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், இதை வீடு வாங்கின அப்புறம் தெரிஞ்சுக்கிட்டு வருத்தப்பட்டவங்க இருக்காங்க.

கேள்வி: பத்திரச் செலவு எவ்வளவு எடுத்து வைக்கணும்?

மனை, பழைய வீடுனா முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். பில்டர் கிட்ட முதல் கைல வாங்கற புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பர்ல இருந்து குறைச்சிருக்காங்க, 50 லட்சம் வரைக்கும் 4ம் 2ம், அதுக்கு மேல 3 கோடி வரைக்கும் 5ம் 2ம். வக்கீல், பேங்க் செலவு தனி.

கேள்வி: அண்ணே நான் தான் மொதல்ல கேட்ட ஆள், கிண்டி-மாம்பலம். நீங்க சொன்ன மாதிரி ட்ரெயின்லயே போனோம், பெருங்களத்தூர்ல இறங்கி ஒரு வீடு பாத்தோம். நடை 14 நிமிஷம், லைட் இருக்கு, மாவுக்கடை இருக்கு, வொய்ஃபுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. பக்கத்து காம்பவுண்ட்ல மட்டும் முழங்கால் உயரத்துக்கு பழுப்பா கோடு இருக்கு. பில்டர் ஆளைக் கேட்டா அது பெயிண்ட் டிசைன்னு சொல்றார்.

அதே தெருவுல இன்னும் நாலு வீட்ல பாருங்க தம்பி, டிசைன் எல்லாருக்கும் ஒரே உயரத்துல இருக்கானு.