டயாலிசிஸ் கையில் சீழ் வைத்தால் டியூபை எடுத்தே ஆக வேண்டுமா?

அப்பாவின் கையில் வைத்த டயாலிசிஸ் டியூபில் சீழ் பிடித்துவிட்டது, ஆபரேஷன் செய்து எடுக்கணும் என்கிறார்கள், மருந்திலேயே சரியாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வாரம் 3 நாள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வருகிறவன். இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே நான் 4 நாளை வீணாக்கினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கையில் இருப்பது ஃபிஸ்டுலாவா, கிராஃப்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிஸ்டுலா என்றால் சொந்த ரத்தக் குழாய்களையே இணைத்திருப்பார்கள். அதில் கிருமி தொற்றுவது குறைவு. தொற்றினாலும் சீழை எடுத்துவிட்டு 6 வாரம் வரை ஆன்டிபயாடிக் கொடுத்துப் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறார்கள். கிராஃப்ட் என்பது செயற்கைக் குழாய். கிருமி அதன்மேல் பிசின்போல ஒட்டிப் படர்ந்துவிடும். மருந்து ரத்தத்தில் ஓடினாலும் அந்தப் படலத்துக்குள் சரியாகப் போய்ச் சேராது. மருந்தில் காய்ச்சல் விடும், நிறுத்தினால் திரும்ப வரும்.

அம்மாவுக்கு இடது மேல்கையில் கிராஃப்ட். ஊசி போட்ட இடத்தில் கடுகளவு சிவப்பாக ஒரு கொப்புளம். பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மஞ்சள் வைத்தோம். அடுத்த டயாலிசிஸில் இரண்டாவது மணி நேரம், கம்பளியை மீறி உடம்பு தூக்கிப்போட்டது. மலைக்குளிர் பழகிய அம்மா பல் கிட்டிப்போய்க் கிடந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி வந்தது.

அப்போதும் ஆபரேஷனுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. டியூபை எடுத்துவிட்டால் டயாலிசிஸ் எப்படி என்ற பயம். சர்ஜன் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஒரு சிறு பகுதியில் மட்டும் தொற்று என்றால் அதை வெட்டிவிட்டு, சுத்தமான சதை வழியாகப் புதுத் துண்டு இணைக்கலாம். ஆனால் மிச்சத்தில் மறுபடி தொற்று வர வாய்ப்பு அதிகம். தமனியோடு (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) கிராஃப்ட் சேரும் இடத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுப்பது இன்னொரு வழி. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தாலோ, அந்த இணைப்பிலேயே சீழ் இருந்தாலோ முழுவதையும் எடுத்து, தமனியை நம் உடம்பின் சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) துண்டாலேயே ஒட்டுப்போடுவார்கள். அம்மாவுக்கு முழுவதும் எடுத்தார்கள். புண்ணை மூடித் தைக்காமல் தினமும் கட்டு மாற்றி ஆறவிட்டார்கள். அதுவரை கழுத்து ரத்தக் குழாயில் லைன் என்கிற தற்காலிக டியூபைப் போட்டு டயாலிசிஸ் நடந்தது. மருந்தும் டயாலிசிஸ் முடிகிற நேரத்தில் ஊசியாகவே ஏறியது. கல்ச்சர் சுத்தமாக வந்த பிறகுதான் வலது கையில் ஃபிஸ்டுலா பேச்சு. லைனையும் அதிக நாள் விட்டுவைக்கக் கூடாது, தொற்று அதில்தான் மிக அதிகம்.

இன்னொன்று, இதை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, கொண்டை ஊசி வளைவுகளில் கார் இறங்கும்போது, அந்தக் கொப்புளத்தின் பொருக்கு விட்டு ரத்தம் பீய்ச்சியது. நான் துண்டைச் சுற்றினேன், அது தப்பு. துண்டு ரத்தத்தைக் குடிக்குமே தவிர நிறுத்தாது. டிரைவர் அண்ணன்தான் வண்டியை ஓரம் கட்டி, கைக்குட்டையை மடித்துக் கட்டைவிரலால் ஓட்டைமேல் நேராக அழுத்தி, கையைத் தூக்கிப் பிடித்தார். அப்படியே அழுத்திக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும், விரலை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. தோல் மெலிந்து பளபளவென்று இருந்தாலோ, பொருக்கு ஆறாமல் இருந்தாலோ, ஒரு சொட்டு கசிந்து தானாக நின்றிருந்தாலோ அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள்.

நாளைக்கு சர்ஜனைப் பார்க்கும்போது, தமனி சேரும் இடத்தில் தொற்று இருக்கிறதா, கல்ச்சர் முடிவு என்ன, இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். இரவு 9 மணிக்கு மேல் நான் பார்ப்பேன்.