உறைந்த படம்

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு இரண்டு வருடமாக சி மொழியில் வேலை பார்க்கிறேன். கார் கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதும் குழுவுக்கு மாறச் சொல்கிறார்கள். செல்போன் கேமராவுக்கு எழுதுவதிலிருந்து இது எப்படி வேறுபடும்? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?
- கோவை வாசகர்

பதில்: தாராளமாகப் போங்கள் தம்பி. பதினாறு வருடமாக நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

செல்போனில் படம் பிடிக்கும் சென்சாருக்கும் பிராசஸருக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு பட்டை கேபிள், அவ்வளவுதான். காரில் பின்பக்கத்திலிருந்து டேஷ்போர்டு வரை பல மீட்டர் ஓட வேண்டும். சென்சாரிலிருந்து வரும் மிப்பி (குறுந்தூரத்துக்கான கேமரா இணைப்பு முறை) சிக்னல் அவ்வளவு தூரம் தாங்காது. அதனால் கேமரா பக்கம் படத்தை நீளக் கம்பியில் அனுப்பத் தோதாக மாற்றும் ஒரு சீரியலைசர், இந்தப் பக்கம் அதைப் பழையபடி மாற்றும் ஒரு டீசீரியலைசர், நடுவில் பெரும்பாலும் டி.வி. கேபிள் மாதிரி ஒற்றை கோஆக்ஸ் கேபிள். படம் இந்தப் பக்கம் வரும், ஐ-டூ-சி (சிப்புகள் தங்களுக்குள் பேசும் எளிய இணைப்பு) கட்டளைகள் அந்தப் பக்கம் போகும், கேமராவுக்கு வேண்டிய கரண்டும் அதே கம்பியில்தான். ஜி.எம்.எஸ்.எல், எஃப்.பி.டி லிங்க் என்றெல்லாம் அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள், அது இதுதான்.

வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே மாடல் கேமரா இருந்தால் நாலு சென்சாருக்கும் ஒரே ஐ-டூ-சி முகவரி இருக்கும். ஒரே தெருவில் நாலு வீட்டுக்கும் ஒரே கதவு எண் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் மாற்று முகவரி கொடுத்த பிறகுதான் தனித்தனியாகப் பேச முடியும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் முதல் இடம் இது.

அப்புறம் நேரக் கணக்கு. அமெரிக்காவில் 2018 மே 1 முதல் தயாராகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் போட்ட 2 வினாடிக்குள் படம் வந்தாக வேண்டும். கார் திரையை நடத்தும் ஆண்ட்ராய்டு முழுதாக எழுந்திருக்க அந்த நேரம் போதாது. அதனால் அதற்கு முன்பே எழும் ஒரு சின்ன மென்பொருளிடம் கேமராவை ஒப்படைத்துவிடுவோம். இந்த விதிக்கு மூலமான சட்டம் 2008ல் வந்தது. அப்பா ரிவர்ஸ் எடுத்தபோது அடிபட்டு இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் இதை நான் முதலில் சொல்லிவிடுவேன்.

காரணம் உண்டு. சில வருடம் முன்பு ஒரு சோதனை வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வெளியே நின்றிருந்தேன். பின்னால் வைத்திருந்த ஆரஞ்சு கூம்பைப் பின் பம்பர் சாய்த்துத் தள்ளியது, வண்டி நிற்கவில்லை. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். அதில் கூம்பு இரண்டு மீட்டர் தள்ளி நிமிர்ந்து நின்றிருந்தது! கேபிள் இணைப்பு விட்டுப்போய், கடைசியாக வந்த ஃபிரேமையே (ஒற்றைப் படத்தையே) திரை காட்டிக்கொண்டிருந்தது. அந்த டிரைவரை எழுதியது நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

திரை கருப்பாகிவிட்டால் ஓட்டுபவர் கண்ணாடியைப் பார்ப்பார், தலையைத் திருப்பிப் பார்ப்பார். உறைந்த படத்தை நம்பிவிடுவார். அதனால் ஒவ்வொரு ஃபிரேமோடும் சென்சார் அனுப்பும் வரிசை எண்ணை எடுத்து, அது ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் உடனே படத்தை எடுத்துவிட்டு எச்சரிக்கையைக் காட்ட வேண்டும். படம் அழகாக வருவதெல்லாம் அடுத்த வேலை.

சரி, வீட்டிலேயே ஆரம்பிக்க ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் அதன் இரண்டாம் பதிப்பு கேமராவும் போதும். அதில் இருப்பது சோனியின் ஐ.எம்.எக்ஸ் 219 சென்சார். அதன் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. சென்சார் இருக்கிறதா என்று முதலில் சரிபார்க்கும் புரோப் ஃபங்ஷனை வரி வரியாகப் படியுங்கள். சென்சாருக்கு மின்சாரம் கொடுத்து, அடையாள எண்ணைக் கேட்டு, ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) 0219 என்று பதில் வந்தால்தான் மேலே போகும். அது புரிந்த பிறகு, படம் ஓடும்போதே சென்சாரின் ஹெக்ஸ் 0100 ரெஜிஸ்டரில் (கட்டளை எழுதும் இடத்தில்) 0 எழுதிச் சென்சாரை நிறுத்துங்கள். ஃபிரேம் வரவில்லை என்பதை உங்கள் புரோகிராம் எத்தனை மில்லிவினாடியில் கண்டுபிடித்தது என்று எனக்கு எழுதுங்கள்.